முந்தி வந்த பதில்

சித்தூரில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், கடல் மட்டும் கிடையாது. அந்த ஊர்க்காரனான ஜெர்ரி கப்பல் வேலைக்குப் போனதும், "மீன் கொண்டாருவானா?" என்று சர்ச்சில் ஆளாளுக்கு அவன் மனைவி கேசியாவைக் குடைந்தெடுத்தார்கள். மீன் பிடித்து விற்கிற கப்பல் இல்லை, எந்தக் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்கிற ஆராய்ச்சிக் கப்பல் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடலுக்குள் கருவிகளை இறக்கி ஏற்றுகிற விஞ்ச் ஜெர்ரியின் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும், கப்பலின் சாட்டிலைட் போனிலிருந்து கூப்பிடுவான். அந்தப் போனில் ஒரு தொல்லை. இவள் கேட்டது வானத்துக்கு ஏறி இறங்கி, பதில் திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும். அவசரப்பட்டால் இரண்டு பேர் பேச்சும் முட்டிக்கொள்ளும். அதனால் ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகியிருந்தாள். வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு அது லேசான காரியமா?

அந்த ஞாயிறு, போனை எடுத்து அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெர்ரியின் குரல் வந்தது.

"துன்னேன் கேசி. சோறு, மீனுதான். வேற இன்னா?"

"துன்னீங்களா?" என்றுதான் அவள் கேட்க இருந்தாள். லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அதைக் கேட்டும் வைத்தாள்.

அடுத்ததும் முந்திக்கொண்டு வந்தது.

"ஆமா, தண்ணி ரொம்ப சில்லுனு கீது. இப்ப வலிக்கல."

எந்தத் தண்ணீர்? எது வலித்தது? பதில் வந்துவிட்டது, கேள்வி இனிமேல்தான் வர வேண்டும். அப்படியானால் எதைக் கேட்பது என்பது இன்னும் தன் கையில்தானே இருக்கிறது? கெட்ட கேள்வி ஒன்று வந்து அதில் ஒட்டிக்கொள்வதற்குள் நல்லதாக ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்.

"குளிக்கிற தண்ணி சில்லுனு கீதா? முதுகுவலி இப்ப எப்டி கீது?" என்று படபடவென்று கேட்டாள்.

"அவன்தானா? ஒடம்ப பாத்துக்க சொல்லும்மா" என்று அடுப்படியிலிருந்து மாமியார் கிரேஸ் குரல் கொடுத்தாள்.

"இல்ல கேசி" என்றது போன். "தேடறத நிறுத்திட்டாங்க."

யாரைத் தேடினார்கள்? போன வாரம் கம்பி அறுந்து கருவி ஒன்று கடலோடு போய்விட்டதாக அவன் சொன்னது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது.

"அந்த மிசினு அறுந்து வுழுந்துச்சே, கெடச்சுதாங்க?"

பொருந்தியது. அவளுக்கு அழுகையும் வந்தது, வீம்பும் வந்தது. எத்தனை வந்தாலும் பொருத்திக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். போனுக்குள் விஞ்ச் சத்தம் இல்லை, ஆள் சத்தம் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது.

"ஆமென்" என்றான் ஜெர்ரி.

இதற்கு வேறு கேள்வி தேட முடியாது. எப்போதும் கடைசியில் கேசியா ஜெபம் பண்ணுவாள், அவன் ஆமென் சொல்வான், அத்தோடு லைன் போய்விடும். ஆமென் வந்தாகிவிட்டது. பாக்கி அவள் ஜெபம்தான்.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். புருஷனுக்காக, கப்பலில் இருக்கிறவர்களுக்காக, மாம்பழக்கூழ் பேக்டரியில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்காக, குடிபாலா ஜனங்களுக்காக, பாகாலாவில் ரயிலுக்கு நிற்கிறவர்களுக்காக. பெயர்கள் தீரத் தீரப் புதுப் பெயர்களைப் பிடித்தாள். முடிக்க மட்டும் அவளுக்கு மனமில்லை.

மேஜைமேல் மாமியாரின் போன் அடித்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். கப்பல் ஆபீஸ் என்று திரையில் பெயர் வந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே அதை எடுக்க வந்த கிரேஸின் மணிக்கட்டைப் பிடித்து, இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஜெபத்தின் நடுவில் எழுந்து போவது அந்த வீட்டில் வழக்கமில்லை. கிரேஸ் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

"ஜெபத்துல எம் புள்ளைய வுட்டுடாதம்மா" என்று கிரேஸ் முணுமுணுத்தாள்.

கேசியா ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.