ரஞ்சித் பெயரில் ஒரு புகார்

எங்கள் ஊர் ஆலன் நகரத்துக்கு வடக்கே, காரில் இருபது நிமிடம். ஊர்ப் பெயர் வேண்டாம், கேஸ் நடக்கிறது. பெயர் கொடுக்க நான் எப்போதுமே பயந்தவன். எல்லா வினையும் அதனால்தான் வந்தது.

வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதன்மேல் நகராட்சி போட்ட நடைபாலம், மரக் கைப்பிடி. மார்ச் மாதம் ஒரு மாலை, தன் மகள் ரோஷினிக்கு ஓடையில் ஆமை காட்டுவதற்காக ரஞ்சித்குமார் அந்தக் கைப்பிடியில் சாய்ந்தார். கைப்பிடி பெயர்ந்து அவரோடு விழுந்தது. கீழே பாறை. அங்கேயே உயிர் போய்விட்டது. ரோஷினி ஓரடி தள்ளி நின்றதால் பிழைத்தாள். அவளுக்கு ஏழு வயது. ரஞ்சித்தின் மனைவி தாமரைச்செல்வி நகராட்சி மேல் வழக்குப் போட்டாள். அவர்கள் வீடு எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி.

போன புதன்கிழமை தாமரை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தாள்.

"அண்ணா, சிட்டி லாயர் இதைக் கொடுத்திருக்காங்க. ஆக்ஸிடென்டுக்கு ஆறு வாரம் முன்னாடி ரஞ்சித்தே கம்ப்ளைன்ட் பண்ணிருக்காராம், கைப்பிடி ஆடுதுன்னு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

வாங்கிப் பார்த்தேன். ரஞ்சித்தின் பெயர், வீட்டு எண், பாலத்தின் போட்டோ. போட்டோவின் ஓரத்தில் ஒரு நீல ஷூவின் முனை தெரிந்தது. அந்த ஷூ தாமரைக்கு இரண்டடி பின்னால், எங்கள் ஷூ ஸ்டாண்டில் இருந்தது. தாளின் பின்பக்கமும் ஏதோ எழுதியிருந்தது. அதைத் திருப்பிப் படிக்கத் தைரியமில்லாமல் கொடுத்துவிட்டேன்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா."

"ஆடுதுன்னு தெரிஞ்சே சாஞ்சிருந்தா கேஸ் நிக்காதாம். வெள்ளிக்கிழமை வித்ட்ரா பண்ணிடலாம்னு எங்க லாயரே சொல்றாங்க. கேஸ் போனா போகட்டும் அண்ணா. தெரிஞ்சும் டெய்லி ரோஷினியை அங்க கூட்டிட்டுப் போயிருக்காரே, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

அந்தப் புகாரைப் போட்டது நான்.

பிப்ரவரி தொடக்கத்தில் வாக்கிங் போனபோது கைப்பிடி விழப்போகும் பல் மாதிரி ஆடியது. அங்கேயே நின்று போனில் நகராட்சி ஆப்பைத் திறந்தேன். அது பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கேட்டது. என் கிரீன் கார்டு பன்னிரண்டு வருடமாக வரிசையில் நிற்கிறது. லைப்ரரி புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தாலே தூக்கம் போய்விடுகிற ஜாதி நாங்கள். அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஒரு புகாரோடு என் பெயர் ஏறுவதா? ரஞ்சித் இந்த நாட்டு சிட்டிசன். அவருக்கென்ன வந்துவிடப் போகிறது என்று அவர் பெயரைத் தட்டினேன். போன் நம்பரில் மட்டும் கடைசி எண்ணை மாற்றிப் போட்டேன். அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் நான் மாட்டிக்கொள்வேனே. அவரிடம் சொன்னால் ஏன் என் பெயரைப் போட்டாய் என்று கேட்பார். அந்தக் கூச்சத்தில் கைப்பிடியைப் பற்றியே அவரிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் என் மனைவி கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வாயைத் திறக்காதீங்க. கவர்ன்மென்ட்கிட்ட பொய் சொன்னேன்னு நீங்களே போய் ஒத்துக்குவீங்களா? உங்க பிள்ளை கவினுக்கு இப்பவே பத்தொம்பதரை. இருபத்தொண்ணு ஆயிட்டா நம்ம விசால அவன் இருக்க முடியாது. அதுக்குள்ள கார்டு வரணும்."

"தாமரை?"

"அவ முகத்தைப் பாக்க எனக்கும்தான் முடியல," என்றாள். அழுதாள்.

வியாழக்கிழமை அந்த ஷூவைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். எதிர்வீட்டுக் கேமராவில் பதிவாகியிருக்குமோ என்று பயந்து திரும்ப எடுத்து வந்தேன். தெருவில் வெள்ளை வேன் ஒன்று திரும்பினாலே இமிக்ரேஷன் ஆட்களோ என்று ஜன்னலை விட்டு ஒதுங்கினேன். மாலையில் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கிய ரோஷினி என்னைப் பார்த்து நின்றாள்.

"அங்கிள், டிட் டாடி நோ இட் வாஸ் ப்ரோக்கன்?"

நான் சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டைத் துழாவினேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பதில் கிடைத்துவிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாமரை வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினேன். பெல்லில் இருந்த கேமராவைச் சுற்றி நீல வெளிச்சம் சுழன்றது. இதில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

"சொல்லுங்க அண்ணா," என்று பெல்லுக்குள்ளிருந்து தாமரையின் குரல் வந்தது. "நான் லாயர் ஆபீஸ்ல இருக்கேன். போன்ல உங்களைப் பாக்கிறேன்."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இப்பதான் போடப்போறேன்."

"போடாதம்மா. அந்தக் கம்ப்ளைன்ட் ரஞ்சித் போட்டதில்ல. நான்தான் அவர் பேர்ல போட்டேன். போட்டோல தெரியறது என் ஷூ. அவருக்குச் சத்தியமா எதுவும் தெரியாது. ரோஷினிகிட்ட சொல்லு, அவங்க அப்பாவுக்குத் தெரியாது."

கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் தாமரை யாரிடமோ இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"போன் நம்பர், அண்ணா?"

"கடைசி எண்ணை மாத்திப் போட்டேன். என்னைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு."

பிறகு தாளின் பின்பக்கத்தை எனக்குப் படித்துச் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக.

"எந்தப் பாலம்னு கேக்க சிட்டில இருந்து ரெண்டு தடவை கால் பண்ணிருக்காங்க. நம்பர் தப்பு. அதனால கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க."