மாலை ஏழு மணித் தீர்ப்பு

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடம் அந்த வேலை பார்த்தவன். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி அவன் வேலை செய்துகொண்டிருந்தபோது லிஃப்ட் கீழே வந்தது. அவ்வளவுதான்.

விசாரணை அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம். "மெயின் ஸ்விட்சை அணைக்காமல் பணியில் ஈடுபட்டது இறந்தவரின் கவனக்குறைவே."

வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்கே மெயினை அணைத்துவிட்டு, சந்தேகம் வந்து இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் அவன். "பல்பு மாத்துறீங்களா, வெடிகுண்டு எடுக்குறீங்களா?" என்று அண்ணி கேலி செய்வாள். அந்த மனுஷனைத்தான் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அண்ணி அந்த அறிக்கையை ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தாள். "இதை என் வீட்டுல வைக்காதே" என்றாள்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொல்வேன். என் மூச்சு மட்டும் எங்கேயோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஓடுவேன். மறுவிசாரணை கேட்டு ஒன்பது மனு கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா என் தலையைக் கண்டதும், "வாங்க மனுக்காரம்மா" என்பார். "ஃபைல் மேல போயிருக்கு." மேலே என்றால் எங்கே என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்.

அந்தக் கட்டடத்தில் அப்போது வேலை பார்த்த காவலாளி விபத்து நடந்த ஒரே மாதத்தில் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பேப்பர் போடுகிறவரிடம் கேட்டு, இஸ்திரி கடையில் கேட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து, ஒரு கிடங்கின் வாசலில் அவரைக் கண்டுபிடித்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். யார் என்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும்மா" என்றார். "யாராவது வருவீங்கன்னு."

கேட்காமலே சொன்னார். "மொட்டை மாடியில இருக்குற மோட்டார் ரூம் சாவி என்கிட்டதான் இருக்கும். நான்தான் திறந்துவிட்டேன். என் கண்ணு முன்னாடி உங்க அண்ணன் மெயினை அணைச்சாரு. 'வேலை நடக்கிறது, தொடாதே'ன்னு போர்டும் மாட்டினாரு. அப்புறம்தான் கீழே குழிக்குப் போனாரு. அரை மணி கழிச்சு கட்டடத்து மேனேஜர் வந்து, 'மெக்கானிக் டீ குடிக்கப் போயிட்டான்யா, ஆறாவது மாடிக்காரங்க சத்தம் போடுறாங்க, மெயினைப் போடு'ன்னாரு. நான் எட்டு மாடி ஏறிப் போயி, போர்டைக் கழட்டி வச்சுட்டுப் போட்டேன். கை என்னோடதும்மா. அதை மறைக்க மாட்டேன். குழியை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு ஏறியிருக்கலாம். பாக்கல. இப்ப வரைக்கும் அந்தப் படியை ஏறிக்கிட்டேதான் இருக்கேன்."

எனக்கு அந்தக் கையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தேன். சாதாரணக் கை. சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது. "இதை விசாரணையில சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "கூப்பிட்டா வரேன்" என்றார்.

அவர் பெயரைச் சேர்த்து எழுதிய பத்தாவது மனுவுக்குப் பதில் வந்தது. மறுவிசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள், நான்கு மாதம் தள்ளி.

அந்தச் சமயத்தில்தான் மணிக்கட்டு முறிந்த ஒருவர் எக்ஸ்ரேக்கு வந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். "வலது கை போச்சு, இனி எப்படி எழுதறதுன்னே தெரியல" என்று புலம்பினார். ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு போட்டபின் மறுபடி வந்தார், பிரித்தபின் இன்னொரு முறை வந்தார். மூன்றாம் தடவை, "ஏம்மா எப்பப் பாத்தாலும் யாரோ துரத்துற மாதிரியே இருக்கீங்க?" என்று கேட்டார். இப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன், குழி, காவலாளி, மேனேஜர், எட்டு மாடி, ஒன்று விடாமல். அவர் கண் கலங்கிப் போனார்.

அவர் டிவி சீரியல் எழுதுகிறவர் என்பது ஆறு வாரம் கழித்து, மாலை ஏழு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மருந்துக் கவுன்ட்டரில் இருக்கும் தோழிதான் போன் செய்தாள். "டிவியைப் போடு, உடனே போடு. உன் கதை ஓடுதுடி!" போட்டேன். கதாநாயகி நர்ஸ். அவள் அண்ணன் லிஃப்ட் குழியில் சாகிறான். என்னைவிட அவள் நன்றாக அழுதாள். அப்படி அழுதும் அவளுக்குத் தலைமுடி கலையவே இல்லை. இரண்டு வாரத்தில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேனேஜருக்கு விலங்கு மாட்டச் சொன்னார். சீரியலில் வந்த காவலாளியோ மேனேஜரிடம் ஒரு தடித்த கவரை வாங்கிக்கொண்டு, குழியில் ஆள் இருப்பது தெரிந்தே ஸ்விட்சைப் போட்டவன். கடைசியில் கதாநாயகியின் காலில் விழுந்து கதறினான். அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் வார்டு ஆயா என்னைக் கட்டிக்கொண்டார். "அப்பாடா, ஒருவழியா தீர்ப்பு வந்துடுச்சே" என்றார். "இன்னும் விசாரணையே நடக்கலம்மா" என்றேன். "அதான் நேத்து காட்டினாங்களே!"

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காவலாளிக்கு அவள் விட்ட அந்த அறையை டிவியில் பார்த்த இரவு நான் அசந்து தூங்கினேன். அண்ணன் போன பிறகு அப்படித் தூங்கியது அன்றுதான். காலையில் எழுந்தபோது என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே காவலாளி என் போனை எடுப்பதை நிறுத்தினார். விசாரணைக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க பொண்ணை மாமியார் வீட்டுல கேக்குறாங்கம்மா. உங்கப்பா எவ்வளவு வாங்கினாருன்னு கேக்குறாங்க. நீங்க சொல்லாம அந்த டிவிக்காரனுக்கு எப்படித் தெரியும்? இவரு அஞ்சு பைசா வாங்கினாரா?"

"இல்லம்மா. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"நீங்க சொன்னது பாதி, அவன் சேத்தது பாதி. ரெண்டும் எங்க தலையில விடிஞ்சது." கதவு மூடிவிட்டது. உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. அவராகத்தான் இருக்கும்.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய், பதிவேட்டில் எழுத்தாளரின் முகவரியைப் பார்த்தேன். செய்யக்கூடாத காரியம்தான். அன்று அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அவர் வீடு முழுக்கக் காகிதம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாம்மா? ஊரே பேசுது!"

"காவலாளி காசு வாங்கினார்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "கதைக்கு ஒரு திருப்பம் வேணும்மா. சேனல்ல கேட்டாங்க. சும்மா 'போடச் சொன்னாரு, போட்டேன்'னா யாரு பாப்பாங்க?"

"நடந்தது அதானே சார்."

"நடந்ததை அப்படியே வச்சா சப்புனு போயிடும். பாக்குறவங்களுக்கு நியாயம் கிடைச்ச திருப்தி வேணும்."

"அவங்களுக்குக் கிடைச்சிருச்சு. எங்களுக்குத்தான் இன்னும் கிடைக்கல. எனக்கிருந்த ஒரே சாட்சி இப்போ வாயைத் திறக்க மாட்டேங்குறார்."

விவரத்தைச் சொன்னேன். அவர் சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "அவர் வீடு எங்க இருக்கு?" என்றார். அதற்காகவே அந்த மனிதரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. பேருந்தில் போகும்போது நான் முன்சீட்டின் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தேன். அந்த சீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை காவலாளியே கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான் அந்த சீரியல் எழுதினவன்" என்றார் எழுத்தாளர். "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மன்னிப்பு இருக்கட்டும் சார். நீங்க எழுதறவர்தானே? எழுதுங்க. நான் சொல்றதை மட்டும்."

மனைவி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தாளர் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். காவலாளி சொல்லச் சொல்ல எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார். "மேனேஜர் என்னை மிரட்டி..."

"மிரட்டல சார். சாதாரணமாத்தான் சொன்னாரு. ஒரு செம்பு தண்ணி கொண்டான்னு சொல்ற மாதிரி."

அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "நடுங்கும் கைகளோடு ஸ்விட்சை..."

"கை நடுங்கல. அடிங்க அதை. நடுங்கியிருந்தாத்தான் நான் யோசிச்சிருப்பேனே."

எழுத்தாளர் அந்தத் தாளைக் கிழித்தெடுத்து மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்கினார். நான்காவது தடவை எழுதியதுதான் காவலாளிக்குச் சரியாகப் பட்டது. முக்கால் பக்கம் கூட வரவில்லை. எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார்.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. நீதிபதியும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓயாமல் கடிகாரத்தைப் பார்க்கும் ஓர் அதிகாரி. மேனேஜர் நன்றாகச் சவரம் செய்து, ஒரு வக்கீலோடு வந்திருந்தார். காவலாளி எழுந்து நின்று தன் தாளை வாசித்தார். முடித்ததும் வக்கீல் சிரித்தார்.

"இது டிவியில வந்த கதை சார். அதைப் பாத்துட்டு வந்து சொல்றார்."

அதிகாரி நிமிர்ந்தார். "ஆமா, என் வீட்டுலயும் அதைப் பாத்தாங்க. அதுல காவலாளி காசு வாங்கினதா வருதே?"

"அது சீரியல் சார்" என்றார் காவலாளி. "அதுல வர்றவன் வேற. நான் வேற."

எழுத்தாளர் எழுந்தார். அத்தனை பேர் முன்னாலும் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். "காசு வாங்கினது நானா இட்டுக்கட்டினது சார். இந்தம்மா சொல்லி நான் கேட்டதுல அது இல்ல. இவர் சொன்னதும் இதேதான், ஒரு வார்த்தை மாறல."

அதிகாரி கடிகாரத்தை விட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "மெயினைப் போடச் சொன்னீங்களா?" "ஞாபகம் இல்ல சார்." சிறிது நேரம் வேறு எதையோ கேட்டுவிட்டு, மறுபடி அதையே கேட்டார். "அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பில்ல சார்." மூன்றாம் தடவை கேட்டபோது மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "குழியில ஆள் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்! டீ குடிக்கப் போயிட்டான்னுதானே நான் நெனச்சேன்!"

வக்கீல் அவர் தோளைத் தொட்டார். அதற்குள் அதிகாரி எழுதத் தொடங்கியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கால் மட்டும் தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. காவலாளியின் மனைவி என் முழங்காலில் கையை வைத்து அழுத்திப் பிடித்தார்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. பழைய வரியை நீக்கியிருந்தார்கள். "இறந்தவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, எச்சரிக்கைப் பலகை மாட்டிய பின்னரே பணியில் இறங்கினார்" என்று இருந்தது. அண்ணியிடம் கொண்டு போனேன். நின்றபடியே படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய், அந்தத் தாளைக் காட்டிவிட்டு வந்தாள். "நான் வாயால சொன்னப்போ ஒருத்தரும் நம்பலல்ல" என்றாள். அப்புறம் சமையலறைக்குள் போய் வெகுநேரம் அழுதாள்.

உத்தரவில் இன்னொரு பத்தியும் இருந்தது. மேனேஜர், காவலாளி இருவர் மீதும் வழக்குத் தொடரலாம் என்று. மேனேஜர் சம்பளத்தோடு விடுப்பில் போய்விட்டார். காவலாளியைக் கிடங்கில் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போன் செய்தேன். "நான்தானேம்மா போட்டேன்" என்றார். குரலில் வருத்தம் இல்லை. அதுதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். தானாக முன்வந்து உண்மையைச் சொன்னவரையும், கடைசி வரை மறைத்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, அவரைச் சாட்சியாக மட்டும் நடத்த வேண்டும் என்று ஒரு மனு. குமாஸ்தா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க கேஸ்தான் முடிஞ்சிடுச்சேம்மா. நல்லபடியா வேற முடிஞ்சிருக்கு. இதுல நீங்க யாரு? அவருக்கு என்ன உறவு?"

"உறவு எதுவும் இல்ல."

"உறவு எழுதலைன்னா வாங்க முடியாதும்மா. அந்தக் கட்டத்தைக் காலியா விடக் கூடாது."

பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பேனாவைத் திருப்பிக் கேட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "இறந்தவரின் தங்கை" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.