நின்றதும் நிறுத்தியதும்

நாகஜோதி வேலையை விட்டு நின்றுகொண்டாள் என்று வேலம்பாளையத்தில் எவராவது சொன்னால் அந்த நாக்கு அழுகட்டும். அவள் நிற்கவில்லை. நிறுத்தினார்கள்.

பதினோரு வருஷமாக ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். அவள் கையெழுத்துப் போட்ட சரக்கு ஒருதரமும் திரும்பி வந்ததில்லை. அன்றைக்குக் குழந்தைகள் பனியன் தைக்கையில் மிஷின் ஊசி ஒடிந்தது. ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் கணக்குக் காட்டவேண்டும். ஒட்டிப் பார்த்தால் முனையைக் காணோம். எந்தப் பிஞ்சு உடம்பில் குத்தப்போகிறதோ என்று, கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

மேனேஜர் சுரேந்தர் ரூமுக்குக் கூப்பிட்டான். முதலாளி திருமூர்த்தியின் அக்கா மகன், அந்த மிதப்பு.

"நீங்களே நின்னுக்கறதா எழுதிக் குடுத்துப்போட்டுப் போயிருங்க. பேராச்சும் கெடாம இருக்கும்."

எழுதிக் கொடுத்தால் சரக்கு வேறொருத்தி கையெழுத்தில் கப்பலேறும். நாகஜோதி தானாக ஓடிப்போனவள் ஆவாள். நல்ல கதை!

"நான் நிக்கலீங்க. வேணும்னா நீங்க நிறுத்துங்க. காரணத்த எழுதிக் குடுங்க."

"எழுத மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"தெம்பு இருக்கறவங்க எழுதுவாங்க."

அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனி லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினான்: 'ஊசி முனை கிடைக்காத சரக்கை அனுப்பச் சொல்லி மேனேஜர் நேரில் உத்தரவிட்டும் கீழ்ப்படியாததால் நிறுத்தப்பட்டார்.' அவள் குற்றத்தை எழுதியதாக அவனுக்கு நினைப்பு. நுணல் தன் வாயால் கெடும். இவன் கையால் கெட்டான்.

மறுநாள் காலையிலேயே அந்தக் காகிதத்தைச் சரக்கு வாங்கும் பையர் ஆபீசில் கொடுத்தாள். அவன்மேல் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. நெஞ்சு இனித்தது.

சரக்கை நிறுத்திப் பிரித்துத் தேடினார்கள். ஒரு பனியனின் கழுத்து மடிப்புக்குள் முனை கிடந்தது. இனி நாகஜோதி கையெழுத்தில்லாமல் ஒரு பீஸும் வாங்க மாட்டோம் என்று பையர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் திருமூர்த்தியே ஆள் அனுப்பினார். அவள் போனபோது ரூம் மூலையில் சுரேந்தர் வெளிறிப்போய் நின்றான்.

"நீ வேலைக்கு வந்துரு கண்ணு. இவன் நின்னுக்கறதா எழுதிக் குடுத்தர்றான். பேராச்சும் கெடாம இருக்கும்."

நாகஜோதி மேஜையிலிருந்த லெட்டர்பேடை எடுத்து முதலாளி முன்னால் வைத்தாள்.

"அவரு நிக்க வேண்டாமுங்க. நீங்க நிறுத்துங்க. காரணத்த எழுதுங்க, சீலும் குத்துங்க. நான் உக்காந்திருக்கறேன்."