டயனாவின் கடைசி வசனம்

டயனா அடக்கம் செய்யப்பட்ட மறுநாள் காலை, களப்போரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து யன்னலுக்கு முன்னால் அவளுடைய இரண்டு கைகள் மட்டும் நெஞ்சளவு உயரத்தில் நின்று, ஒரே வசனத்தைச் சைகையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அவை மணிக்கட்டோடு முடிந்திருந்தன; நிறம் உப்பின் வெண்மை. தாதிமார் முதல் நாள் அஞ்சினர். இரண்டாம் நாள் விலகி நடந்தனர். மூன்றாம் நாள், காற்றில் அவை கலையாதிருக்க, அவ்விடத்து மின்விசிறியைப் போடவேண்டாமென எழுதி ஒட்டினர்.

அவ்வசனம் விளங்காதவர்களுள் அவளுடைய தகப்பன் யோசேப்பும் ஒருவர். கற்பிட்டிக் கரையில் வலைத்தொழில் செய்யும் அவர், செவிப்புலனற்ற மகளை ஐந்து வயதில் அத்தகைய பிள்ளைகளுக்கான பாடசாலையிற் சேர்த்தபோது, வீட்டில் எவரும் சைகை காட்டலாகாது, காட்டினால் பிள்ளை வாய்பேசப் பழகாது என அறிவுறுத்தப்பட்டார். அதை வேதவாக்காகக் கொண்டு, பன்னிரண்டு ஆண்டுகள், அவள் கை உயர்த்தும்போதெல்லாம் அன்போடு பிடித்து இறக்கினார். ஆகவே அவள் வயிற்றைப் பற்றித் துடித்த அன்றும், வைத்தியர் வினவியபோது அவரே விடை கூறினார்: "நேத்துச் சாப்பிட்ட இறால் ஒத்துக்கேல்ல, டொக்டர்." யன்னலுக்கு முன்னால் டயனா இரு கைகளாலும் நெடுநேரம் ஏதோ சொன்னாள். குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அன்று மாலை அவள் இறந்தாள். வெடித்தது குடல்வால் என்பது பின்னரே தெரியவந்தது.

அவளோடு சைகையிலேயே பேசி வளர்ந்த வகுப்புத் தோழி வதனாவின் தலைமையில் நாற்பது மாணவர் ஆஸ்பத்திரி வாயிலில் அமர்ந்தனர். சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் நியமிக்கப்படும்வரை அக்கைகள் கூறுவதை எவருக்கும் சொல்வதில்லை என்பது அவர்களின் தீர்மானம். பொலிசார் ஒலிபெருக்கியில் மூன்று முறை கலைந்துபோகச் சொல்லி, கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை எனப் பதிந்துகொண்டனர். இருவருக்கு விலங்கு மாட்டினர். பிறவியிலிருந்து செவி கேளாத அவ்விருவரும் ஊமையானது அன்றுதான்.

அதை வாசித்துச் சொல்லும்படி யோசேப்பு வதனாவிடம் கைகூப்பினார். அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: "மாமா, நாங்கள் வாசித்துச் சொன்னால் அன்றைக்கே முறைப்பாட்டுக் கோவையை மூடிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் படிக்காததை இப்போது படியுங்கள். பக்கத்தில் இருங்கள்."

அவர் இருந்தார். கயிறு இழுத்துத் தடித்த விரல்கள் இலகுவில் வளையவில்லை. அவர் மீன் என்று காட்டியதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். சிற்றூழியர் இப்ஹாம் தேநீரோடு வந்து, "என்ன யோசேப்பண்ணே, ஒங்கட மீனுக்குக் காலும் மொளச்சிட்டா?" என்பான். "ஓம் தம்பி, எனக்குப் பிந்தித்தானே எல்லாம் முளைக்குது," என்பார் அவர். மழைக்காலம் போயிற்று, சோளகக் காற்றுப் பெயர்ந்தது, கடலுக்குப் போகாத வள்ளம் கரையிலேயே காய்ந்து வெடித்தது. எட்டாம் மாதத்தில், கிழமைக்கு இரண்டு நாட்கள் பெயர்ப்பாளர் ஒருவர் வருவார் என்ற கடிதம் வந்தது. மாணவர் பாயைச் சுருட்டினர்.

பெயர்ப்பாளர் வந்த முதல் நாள், யோசேப்பு அவரை மறித்து ஒதுக்கிவிட்டுத் தாமே யன்னலுக்கு முன்னால் நின்றார். கைகள் சொல்லின: வலி இறாலால் அல்ல, மூன்று நாளாக வலப்பக்கம் குத்துகிறது. அப்பா பிழையாகச் சொல்கிறார். அவரை ஏசாதீர்கள். அவருக்கு என் மொழியை ஒருவரும் படிப்பிக்கவில்லை.

யோசேப்பு இரண்டாம் முறையும் வாசித்தார். பின்னர் கை உயர்த்தி, விளங்கிற்று மகள், என்றார். வெண்கைகள் நிற்கவில்லை, காண அவற்றுக்குக் கண்கள் இல்லை.

இப்பொழுதும் புதன்கிழமைகளில் அவர் வருகிறார். அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று, மறுமொழி சொல்லிவிட்டு, பதினொரு மணி பஸ்ஸில் கற்பிட்டிக்குத் திரும்புகிறார்.