கப்பல் வராத பதினொரு நாள்

...அந்த மூன்று ரூபாயை மட்டும் எதற்கு விட்டார்கள், அதையும் பிடித்துக்கொண்டு போயிருக்கலாமே, கைக்கு வருவது அறுபத்து நாலாயிரத்து முன்னூற்று ஐம்பத்து மூன்று என்று கடைசி மூன்றையும் விடாமல் போட்டுக் கணக்கு எவ்வளவு சுத்தம் பார் என்று எனக்குக் காட்டுகிறார்களா? சாத்தம் ஜெட்டியில் மத்தியானம் இரண்டரை மணி வெயில், பம்பூஃப்ளாட் போகிற பெர்ரி இன்னும் அக்கரையிலேயே நிற்கிறது, எனக்கு முன்னால் கோழிக்கூண்டு ஏற்றிய வண்டி, பின்னால் சிரித்துக்கொண்டே இருக்கிற காலேஜ் பெண்கள், நான் காலை ட்யூட்டி முடித்து யூனிஃபார்ம்கூட மாற்றாமல் போனில் சம்பள ஸ்லிப்பைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எழுத்து பெரிசானால் தொகையும் பெரிசாகிவிடும் என்பதுபோல. மேலே ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம், அரியர். கான்ட்ராக்ட் நர்ஸுகளுக்கு இருபத்தெட்டாயிரத்தை முப்பத்து நாலாயிரம் ஆக்கி, அதையும் இரண்டு வருடம் முன்தேதியிட்டுத் தருகிறோம் என்று ஆர்டர் வந்த அன்றைக்கு வார்டில் கேக் வெட்டினோம், நானும் ஒரு துண்டு தின்றேன், வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஓட்டின வேலைக்கு இப்போதாவது ஒரு மரியாதை வந்ததே என்று தின்றேன். மரியாதைக்குக் கீழே நாலு வரி. பிராவிடண்ட் ஃபண்டுக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம், சரி, உயிரோடு இருந்தால் என்றைக்காவது திரும்பி வரும். வருமான வரி பதினாலாயிரத்து நானூறு, தாமதமாகத் தந்தது அவர்கள், மொத்தமாக வெட்டு விழுவது எனக்கு. சங்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஒரு வார்த்தை கேட்காமல். அதற்கும் கீழே ரெகவரி என்று ஒரு வரி, நாற்பத்தாறாயிரத்து நானூற்று அறுபத்தேழு. அதைப் பார்த்துவிட்டுக் காலையில் மருந்தே ஏற்றாத ஊசியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், ஐந்தாம் பெட் பெங்காலிக் கிழவர் "க்யா ஹுவா தீதி", என்ன ஆச்சு அக்கா என்று என்னைக் கேட்டார், நோயாளி நர்ஸைக் கேட்கிற அளவுக்கு.

பதினொரு நாள். அப்பா செத்த செய்தி வந்து ஆறு நாள் லீவு எழுதிக் கொடுத்து, அப்பா அம்மா இருந்த தெற்குத் தீவு கச்சாலுக்குக் கப்பல் ஏறினேன், இருபது மாதம் ஆகிறது, லீவு முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தேன். கப்பல் இல்லை. கடல் சரியில்லை. இந்தத் தீவுகளில் இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும், மழை பெய்தது என்றால் நனைந்த சட்டையைக் கொண்டு வா என்று எவனாவது கேட்பானா? மேட்ரனிடம் சொன்னேன், தலையாட்டினார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன், அந்த மாதச் சம்பளமும் வந்தது, முடிந்தது என்றுதான் இருந்தேன். ஷிப்பிங் ஆபீசில் போய், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கப்பல் ஓடவில்லை என்று ஒரு காகிதம் வாங்கி ஃபைலில் சொருகியிருக்க வேண்டுமாம். வாங்கி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வார்டு தமிழரசி வடக்கே ரங்கத் ஊருக்குப் போய் இரண்டு நாள் மாட்டியதற்கே காகிதம் வைத்திருக்கிறாள், அவள் பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காதவள். எனக்குத் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்குக் காகிதம் எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது அரியர் போடுகிறபோது பழைய ஃபைலைக் கிளறி, பதினொரு நாள் சொல்லாமல் வராதவள், ஆகவே ஒப்பந்தம் முறிந்தது, ஆகவே அந்த வருட உயர்வு கிடையாது, கொடுத்த இருபது மாதத்து உயர்வையும் திருப்பிக் கொடு, அதோடு பதினொரு நாள் சம்பளத்தையும் கொடு, அதுவும் புது ரேட்டில். பழைய சம்பளத்தில் வராத நாளுக்குப் புதுச் சம்பளத்தில் அபராதம். சம்பளம் ஏறினால் என் குற்றமும் ஏறிவிடுமா? கொரோனா சமயத்தில் பிளாஸ்டிக் உடுப்புக்குள் பதினான்கு மணி நேரம் ஒன்றுக்குப் போகாமல் நின்றேனே, அதற்கு முன்தேதியிட்டு ஒரு வரி போடுவார்களா, எந்தக் காலத்தில்?

காலையிலேயே அக்கவுண்ட்ஸ் ஜன்னலில் போய் நின்று கத்தினேன். அங்கே கிளார்க் கணேஷ்குமாருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம். "சிஸ்டர், என் மேல ஏன் பாயிறீங்க, ஆடிட்டுல எழுதினத நான் அடிச்சேன், அவ்ளோதான். ஷிப்பிங்ல போய் ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பதினோரு நாளும் கச்சால்லருந்து கப்பல் இல்லன்னு ரெண்டு வரி, ஒரு சீல். அஞ்சு மணிக்குத்தான் பில் போகுது. போட்டோ எடுத்து வாட்ஸப்ல தட்டினாக்கூட போதும், மொத்த ரெகவரியும் தூக்கிடறேன், ஹோ ஜாயேகா, ஆயிடும்." எனக்கு என்னவோ அவன் நல்லவனாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது. செத்த வீட்டுக்குப் போனவளிடம் சீல் கேட்கிறாயா, உங்கப்பா செத்தால் நீ சீல் வாங்கிக்கொண்டுதான் அழுவாயா என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பேனாவை மூடி வைத்தான். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

பெர்ரி வந்து வண்டிகள் இறங்கி முடிந்து நாங்கள் ஏறினோம். நான் ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியது தொண்ணூறாயிரம், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பம்பூஃப்ளாட்டில் பவானி அக்கா வீட்டுக் கீழ்போர்ஷனுக்குப் பத்து மாத அட்வான்ஸ் ஒரு லட்சம், மெயின்லேண்டில் இருக்கிற அவர் மகன் சொல்லிக் கொடுத்த கணக்கு அது, பத்தாயிரம் முன்பே கொடுத்துவிட்டேன், மீதியை அரியரில் தருகிறேன் என்று வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். அம்மா நேற்றே கச்சாலில் கப்பல் ஏறிவிட்டாள். நாளைக் காலையில் ஹேடோ துறையில் இறங்குவாள், இரண்டு பையும் ஒரு மூட்டையும் உடைந்து கூடின இடுப்பும். இலங்கைத் தேயிலையில் பாதி, கச்சால் ரப்பரில் பாதி என்று தேய்ந்த இடுப்பு, போன மழையில் வழுக்கி விழுந்து அதுவும் போயிற்று. நான் இப்போது இருக்கிற ரூம் மேட்டில் இருக்கிறது, அறுபது படி, கக்கூஸ் இன்னும் எட்டுப் படி கீழே. அந்தப் படியில் அம்மாவை யார் தூக்குவது, நானா, எத்தனை தடவை, நைட் ட்யூட்டிக்குப் போனால் யார்? ஊரெல்லாம் பெட்பேன் வைத்தவள் பெற்றவளைப் படியில் உட்கார வைத்துவிட்டுப் போவேனா? நாற்பத்தொரு வயதில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி, அவளுக்குத் தரையோடு ஒரு வீடு. இருபத்தாறாயிரம் குறைகிறது. அந்த ரெகவரி வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மிச்சமே வரும்.

கணேஷ்குமார் போன் செய்தான். பெர்ரி என்ஜின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். "சிஸ்டர், லெட்டர் கெடச்சுதா?" பவானி அக்கா மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, பெர்ரியில இருக்கேன் என்றேன். "பெர்ரிலயா? ஆபீஸ் இந்தப் பக்கம்தானே இருக்கு சிஸ்டர். நீங்க ஏன் அந்தப் பக்கம் போறீங்க?" உனக்கென்ன, என் காசு, என் வழி என்று வைத்துவிட்டேன். ஏன் அந்தப் பக்கம் போகிறேன்... ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் ஷிப்பிங் ஆபீஸ். ட்யூட்டி முடிந்ததும் ஆட்டோக்காரன் எங்கே என்று கேட்டான், சாத்தம் என்றேன், யோசிக்காமல் வந்தது வார்த்தை. மூன்று மணிக்குப் பவானி அக்காவைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணமா, ஒரு போன் போட்டால் நாலரைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவாரே. அப்பா செத்த துக்கத்தில் தோன்றவில்லை என்று சொன்னேன், அது அன்றைக்கு, இருபது மாதமாகவும் தோன்றவில்லையா? ஆடிட் வருகிறது, ஃபைலைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள் என்று மேட்ரன் இரண்டு தடவை சொன்னார். நான் போகவில்லை. ஏனென்றால் அங்கே போனால் ரிஜிஸ்டரைத் திறப்பார்கள். திறந்தால் அந்தப் பதினொன்றில் ஏழாம் நாளுக்கு நேராகக் கப்பல் பெயர் இருக்கும்.

வந்தது. ஏழாம் நாள் காலையில் வந்தது, ஹாரன் சத்தம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் கேட்டது. நான் பாயில் படுத்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. லீவு எடுப்பதற்கு முன்னால் தொடர்ந்து பத்தொன்பது நைட், நாற்பது பெட்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி பாதி நாள் வரமாட்டாள், அங்கிருந்து நேராகக் கப்பல், நான் போய்ச் சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை, அழுகையும் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. முதல் ஆறு நாளும் கப்பல் வருமா வருமா என்று ஜெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். வந்தபோது, திரும்பிப் போய் அந்த நாற்பது பெட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும் என்று நினைத்ததும் காலே எழவில்லை. அடுத்த கப்பல் வர நாலு நாள். நாலு நாளும் தூங்கினேன், அம்மா எழுப்பிக் கஞ்சி ஊற்றுவாள், குடித்துவிட்டு மறுபடி தூங்கினேன். ஏழு நாள் கடலுடையது, நாலு நாள் என்னுடையது. அந்த ஏழு நாளை மட்டும் கேட்டால் எட்டாயிரம்கூடத் தேறாது, நாலு நாள் வராதவள் என்றாலும் ஒப்பந்தம் முறிந்ததுதான், உயர்வு போனதுதான். ஆக நான் பதினொன்று என்றே கத்த வேண்டும், கத்தினேன், ஒரு பையனின் அப்பாவைச் சாகடித்துக் கத்தினேன். ஆனால் கோபம் போகவில்லையே, அதுதான் எனக்கே ஆச்சரியம். பன்னிரண்டு வருடத்தில் நாலு நாள் தூங்கினேன், அதற்கு நாற்பத்தாறாயிரமா? அதைத் தூக்கம் என்று எழுதி லீவு கேட்க எந்த ஃபாரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்?

பம்பூஃப்ளாட் ஜெட்டியில் பவானி அக்கா ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே கடலை தின்றுகொண்டிருந்தார். "என்ன சிஸ்டர், மூஞ்சி இப்பிடி இருக்கு. அரியர் வரலையா?"

"வருதுக்கா. அறுவத்தி நாலுதான் வருது. மீதிய புடிச்சிட்டாங்க. அப்பா செத்தப்ப கச்சால்ல மாட்டிக்கிட்டேன்ல, பதினோரு நாள் கப்பல் இல்லாம. அதுக்கு." கொஞ்சம்கூடத் தடுக்காமல் வந்தது எனக்கு.

"அரே, கப்பல் வரலைன்னா நீங்க என்ன கேப்டனா? உங்க சம்பளத்துல ஏன் புடிக்கிறான்?" கடலையை என் கையில் கொஞ்சம் கொட்டினார். "ஆனா சிஸ்டர், நான் மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேச மாட்டேன். போர்ட்ல வேலை பாக்குற பையன் ஒருத்தன் ஒரு லட்சத்த முழுசா நீட்டுறான். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சாவி உங்களுக்காக வெச்சிருக்கேன், அதுக்கு மேல என் மகன் என்னை வைவான்."

"ஷிப்பிங்ல எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாங்க."

"வாங்குங்களேன். இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்க, உங்கம்மாதான் காலைல எறங்குறாங்களே, ஹேடோலருந்து நேரா ஆபீஸ்க்குக் கூட்டிட்டுப் போய் நிறுத்துங்க. பதினோரு நாளும் கப்பல் வரலைய்யான்னு சொல்லட்டும், அவங்க இடுப்பப் பாத்தா எவன் மறுத்துப் பேசுவான்?" சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

சொல்வாள். எந்த ஆபீஸ், எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டாள், நிமிர்ந்து பார்த்துச் சொல்வாள். வந்த பெர்ரியே மறுபடி சாத்தத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது, மணி மூன்று பத்து, போனால் நாலுக்குள் ஷிப்பிங் ஆபீஸ், போய் எந்தத் தேதியைக் கேட்பது... அம்மா அன்றைக்கும் சொன்னாள். ஏழாம் நாள் பக்கத்து லயத்துக் குருநாதன் அண்ணன் என் பையைத் தூக்க வந்து வாசலில் நின்றார், "கப்பல் நிக்காது, வெரசா வரச் சொல்லு" என்றார். அம்மா உள்ளே வந்து என் நெற்றியில் கையை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், வைத்த கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு வெளியே போய், "புள்ளைக்கு நெருப்பா கொதிக்குதுண்ணே, நீங்க போங்க" என்றாள். நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இருபது மாதமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். லயத்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கையாலேயே காய்ச்சல் பார்த்தவள் அவள். என் நெற்றி குளிர்ந்துதானே கிடந்திருக்கும்?