யார் நச்சரித்தது

தம்பி ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் வாங்காமல் விடமாட்டான். உயிரோடு இருந்தவரை அம்மா 'நச்சரிக்காதேடா' என்று அவனை மட்டும்தான் திட்டினாள். அக்காவிடம் அந்தச் சொல்லைச் செலவழிக்க வேண்டியே வரவில்லை. அந்த வீட்டில் அது அவனுக்கே பட்டா போட்ட சொல்.

இந்த முறை அவன் கேட்டது அவர்கள் இருவரும் நடத்தும் தையல்கடையின் முன்மேசையை. அங்கே நிற்பவர்தான் அளவெடுத்துத் துணி வெட்டுவார். அவரைத்தான் ஊரும் தையல்காரர் என்று நம்பும். அக்கா அங்கே நின்று சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான். தம்பி திரைக்குப் பின்னால் தைப்பவன்.

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா. உள்ள வெக்கை தாங்கல."

டீ கொண்டுவந்து வைத்துக் கேட்டான். சாப்பிட உட்கார்ந்தால் கேட்டான். பெண்டாட்டியை விட்டும் கேட்டான். கடைசியில், "அம்மா இருந்தா எனக்காகப் பேசியிருப்பா" என்று கண் கலங்கினான். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகருமாம், இவள் எம்மாத்திரம்? கத்தரிக்கோலோடு உள்ளே போனாள். கூடப்பிறந்தவன்தானே, மேசை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

ஒரு காலையில் டீச்சர் வந்தாள். அக்காவைத் தவிர யாரையும் நம்பாதவள். துணியை வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"அக்கா எங்கப்பா?"

"உள்ள போறேன்னு அவங்கதாங்க ஒரே நச்சரிப்பு. கண்ணு சரியில்லையாம், வெட்டினா கோணிக்குதாம். தாங்க முடியாமத்தான் நான் முன்னால வந்தேன்."

"அடப் பாவமே" என்று துணியை அவனிடமே கொடுத்தாள் டீச்சர்.

திரைக்குப் பின்னால் இருந்த அக்காவுக்கு அத்தனையும் காதில் விழுந்தது. மேசையைப் பிடுங்கினான், போகட்டும். கண்ணையும் கையையும் சேர்த்தல்லவா பிடுங்கிவிட்டான். தன் பழைய சொல்லையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டானே, படுபாவி.

திரை விலகியது. துணியோடு ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது. தைக்கத் தெரிந்தவனுக்கு வெட்ட வராது.

"அக்கா, சீக்கிரம் வெட்டிக் குடு" என்று கிசுகிசுத்தான்.

அவள் துணியை வாங்கி, கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேசைமேல் விரித்தாள். கத்தரிக்கோலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத்தான் கண்ணு சரியில்லையே தம்பி. நீயே வெட்டு. டீச்சர் நிக்கிறாங்க பாரு."

"அக்கா..." என்றான். கத்தரிக்கோலைத் தொடவில்லை. "அக்கா, சொன்னாக் கேளுக்கா. இந்த ஒரு தடவ. அக்கா."

டீச்சர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சு ஆறவில்லை. ஆனால் அவன் கேட்கட்டும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும். யார் நச்சரிக்கிறார்கள் என்று பார்க்க இன்றைக்கு ஒரு சாட்சி நின்றிருந்தது.