உள்ளே போனவர்

"விடுங்க சித்தப்பா, கை வலிக்குது!"

அவர் விடவில்லை. மருத்துவமனைப் படிக்கட்டில் அவளை அரை மாடி இழுத்துக்கொண்டு இறங்கிய பிறகுதான் நின்றார். மேலே அப்பாவின் முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். மாரடைப்பு. காலையில் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மனுஷன்.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

"எதை? மொதல்ல எதைன்னு சொல்லுங்க!"

அப்பாவும் அவரும் இரட்டையர். அதே மூக்கு, அழுதால் அதே மாதிரி சிவக்கும். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"போன வருஷம் ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணோம்ல? எனக்குக் கொழுப்பு எக்கச்சக்கம். அவனுது சுத்தம். 'பாட்டில்ல அடைச்சு விக்கலாம்டா'ன்னு ஒரே அலப்பறை."

"தெரியும். உங்களத்தான் இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. ரத்தக்குழாயில சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு வந்துச்சு. மாத்திரை போடுறீங்க. அதுக்கென்ன இப்ப?"

"உள்ள போனது நான் இல்லடி."

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவருக்கு அந்த மிஷின் வளையத்துக்குள் படுக்க உதறல் எடுத்துவிட்டதாம். அப்பா சிரித்துக்கொண்டே அவர் பெயரில் போய்ப் படுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அப்ப அந்தச் சுண்ணாம்பு..."

"ரிப்போர்ட் வந்ததும் சொன்னேன்டி, மாத்திரைய நீ போடுடான்னு. 'போடா பைத்தியம், சுத்தமான ரத்தத்துல எங்கேர்ந்து அடைப்பு வரும்? மிஷின் உன் பேரைப் பாத்தே பயந்திருக்கும்'னான். நானும் விட்டுட்டேன். டாக்டர்கிட்ட போய்ச் சொல்ல வெக்கம். பெரிய வெக்கம்!"

மேலே செருப்புச் சத்தம். சித்தப்பா அவசரமாக முகத்தைத் துடைத்தார்.

அம்மா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அப்பாவின் செருப்புகளை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பெயின்ட் திட்டுகள் இன்னும் முழுதாகக் காயவில்லை, அவள் புடவையில் நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"முன்னாடி ஸ்கேன் ஏதாச்சும் எடுத்தாரான்னு டாக்டர் கேட்டாரு. இவருக்கு ஒண்ணும் கெடயாது, இவர் தம்பிக்குத்தான்னேன்." சித்தப்பாவின் தோளைத் தொட்டாள். "நீங்களாவது மாத்திரைய விடாம போடுங்க தம்பி."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா மகளிடம் திரும்பினாள்.

"ஏன்டி, நோவு இவருக்குத்தானே? உங்கப்பா எப்படிடி போனாரு?"